எறும்புகளுக்குக் கண்கட்டவில்லை

பொய்க் கசாயம் காய்ச்சுவது என் வேலை.
அரும்பாக்கத்தில், மாடி அறையில்,
கோயம்பேட்டில் இறக்கிவிட்டு லாரிகள்
காலியாகத் திரும்பும் நேரத்தில்
அடுப்பைப் பற்றவைப்பேன்.

பக்கத்து அறையில் மெய்க் கசாயம்.
பதினோரு சரக்கு, எட்டுக்கு ஒன்றாக வற்றும்வரை.
அதன் நிறம் எனக்குத் தெரியும், வாடை தெரியும்,
அடிநாக்கில் அது உட்காரும் இடம் தெரியும்.
என் பானையில் அத்தனையும் இருக்க வேண்டும்,
குணம் மட்டும் கூடாது.

மருந்தாக இல்லாத கசப்பு
இந்த ஊரில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?
பாகற்காய் என்றால் சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள்.
வேம்பு என்றால் எல்லாவற்றுக்கும்.
காப்பித்தூள் போட்டேன்.
அதுவும் வலியைக் கொஞ்சம் தணிக்கும் என்று
கட்டுரை நீட்டினார் புள்ளியியல் ஆவுடையப்பன் சார்.
கடைசியில் கசப்புத் துளி ஒன்று,
கருக்கிய சர்க்கரை,
ஈர விறகின் புகை கொஞ்சம்.
சுகிர்தா டாக்டர் இரண்டு கிண்ணமும் குடித்துவிட்டு
"எதுங்க எது?" என்றார்.
இருபது வருஷ அனுபவத்தை ஏமாற்றிவிட்ட கர்வத்தில்
அன்று எனக்குப் பசிக்கவில்லை.

நூற்றிருபது பேர், இருநூற்று நாற்பது முட்டி.
யாருக்கு எது என்று கணினி சீட்டுக் குலுக்கியது.
உறைகள் பீரோவில். சாவி நங்கநல்லூரில்.
கொடுப்பவருக்குத் தெரியாது, குடிப்பவருக்குத் தெரியாது,
அளக்கிற தில்ஷாத்துக்கும் தெரியாது.
பாட்டிலில் எண் ஒட்டிய பிறகு
எனக்கே என் பொய் அடையாளம் தெரியாது.

அளவுகோல் ஒரு கோடு, பத்து சென்டிமீட்டர்.
இந்த முனையில் வலியே இல்லை,
அந்த முனையில் தாங்கவே முடியாது.
"எங்க இருக்குன்னு புள்ளி வைங்கக்கா."
புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி,
பூங்கோதை அக்கா பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்:
"எப்ப வலி? தண்ணி லாரி வர்றதுக்கு முன்னாடியா,
குடத்தத் தூக்கிட்டு ஏறுன பிறகா?"
போன ஏழு நாளின் சராசரி, என்றாள் தில்ஷாத்.
"சராசரியா படி ஏற முடியுமா பாப்பா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐந்தாம் வாரம் அக்கா சொன்னாள்:
"என் பாட்டிலுக்கு எறும்பு வருது.
எதிர்வீட்டு மரியதங்கம் பாட்டிலுக்கு வரல.
ஒரே வராந்தா. ஒரே எறும்புதான்."

முழுதும் கருகாத சர்க்கரை.
நாக்கை ஏமாற்றினேன், மூக்கை ஏமாற்றினேன்.
எறும்புகளிடம் யாரும்
ஒப்புதல் படிவம் நீட்டவில்லை, கண்ணும் கட்டவில்லை.

கூட்டம் கூடியது.
மூடி சரியில்லை என்று எழுதிவிடலாம் என்றார் ஒருவர்.
"வாத உடம்புக்கும் பித்த உடம்புக்கும்
ஒரே கசாயத்த ஊத்துனீங்களே,
முதல்ல அத எழுதுங்க" என்றார் சுகிர்தா டாக்டர்.
ஆவுடையப்பன் சார் கண்ணாடியைத் துடைத்தார்.
"ரெண்டையும் எழுதுங்க."
நெறிமுறை விலகல், எண் ஏழு: எறும்பு.
தட்டச்சு செய்தவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் பொது:
உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?
"நெஜ மருந்துதான்," பூங்கோதை அக்கா யோசிக்கவே இல்லை.
"நல்லது எதுன்னு எறும்புக்குத் தெரியாதா?"
அவள் புள்ளி ஆறிலிருந்து மூன்றுக்கு நகர்ந்திருந்தது.
மரியதங்கமும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தாள்:
எறும்பே தொடாததை மனுஷி எதற்குக் குடிக்கணும்?
மூன்று வாரமாகச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள்,
பதினோரு சரக்கையும்.

இன்று புதுப் பானை. சர்க்கரை இல்லை.
ஜன்னல் விளிம்பில் இரண்டு கரண்டி.
எது எது என்று நான் பார்க்காதபடி
தில்ஷாத்தான் வைத்துவிட்டுப் போனாள்.
சுவரின் விரிசலிலிருந்து ஒன்று வெளியே வருகிறது,
மீசையை ஆட்டுகிறது,
நிற்கிறது.

பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன்.